பரங்கிமலைச் சிலுவையில் இயேசு எங்கே?

திருவருகைக் காலத்தின் ஒரு காலைப் பொழுதில் பரங்கிமலைப் படிகளில் ஏறி, அன்னையின் ஆலயத்தில் செபித்துக்கொண்டிருந்தோம். எமக்கு முன்னே ஒரு தாயும் அவருடைய சிறு மகளும் முழந்தாளிட்டிருந்தனர். பீடத்தின் மேலே சுவரில் பதிக்கப்பெற்றுள்ள கற்சிலுவையை நெடுநேரம் உற்று நோக்கிய அச்சிறுமி, "அம்மா, இந்தச் சிலுவையில் இயேசு எங்கேம்மா?" என்று கேட்டாள். தாய் சற்றுத் திகைத்து, "ரொம்பப் பழைய சிலுவை கண்ணு, உடைஞ்சு போயிருக்கும்" என்றார்.

உடைந்து போகவில்லை. அக்கல்லில் ஆண்டவரின் திருவுருவம் தொடக்கத்திலேயே செதுக்கப்படவில்லை. அது மட்டுமன்று, நம் பங்கு ஆலயச் சிலுவைகளில் காணாத பலவும் அதில் உண்டு. சிலுவையின் நான்கு முனைகளும் மொட்டு விடுவதுபோல் விரிந்துள்ளன. உச்சியை அலகால் தொட்டபடி ஒரு பறவை தலைகீழாக இறங்குகிறது. அடியில் படிகள், படிகளின் இருபுறமும் சுருண்டெழும் இலைகள். இரு தூண்கள், அவற்றின் மேல் இரு விலங்குகள், அவற்றின் வாயிலிருந்து வளைந்தெழும் ஒரு தோரணம். அனைத்தையும் சுற்றி எவரும் படிக்க இயலாத எழுத்துகள்!

ஆலயம் எழுப்ப 1547-இல் போர்த்துக்கீசியர் இம்மலைமேல் மண்ணைத் தோண்டியபோது கிடைத்த கல் இது. புனித தோமையார் தம் கையாலேயே செதுக்கி, இதனைத் தழுவியவாறே வேதசாட்சியாக உயிர்நீத்தார் என்று மக்கள் நம்பினர். திருப்பலி வேளையில் இக்கல் வியர்த்ததாகவும் பதிவுகள் உள்ளன. இறுதியாக வியர்த்தது 1704-இல் என்பர். எழுத்துகளைப் படிக்க அந்நாளில் ஓர் அந்தணர் வரவழைக்கப்பட்டார். அவரோ ஒவ்வோர் எழுத்துக்கும் பல சொற்கள் என்று கணக்கிட்டு, தோமையாரின் வரலாற்றையே அதிலிருந்து விரித்துரைத்தார். கேட்க விரும்பியதையே கேட்டவர்கள் மகிழ்ந்தனர். அவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. தெரியாது என்று சொல்ல அவருக்கு இடம் கொடுத்திருப்பார்களா என்பதே ஐயம்.

உண்மை வெளிப்பட முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சென்னை மாகாணத்தில் நீதிபதியாயிருந்த ஏ. சி. பர்னல் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1873-இல் இவ்வெழுத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இது பகலவி, அதாவது பண்டைய பாரசீகத்தின் எழுத்து. பின்வந்த அறிஞர் பலர் இதனை ஆராய்ந்தனர். சில சொற்களில் அவர்களிடையே இன்றும் ஒருமைப்பாடில்லை. ஆயினும், இதில் வரலாறு ஏதுமில்லை, ஆண்டவராகிய கிறிஸ்துவிடம் ஒரு மனிதனுக்காக இரக்கம் வேண்டும் சிறு செபமே உள்ளது என்பது அவர்களுட் பலரின் முடிவு. கோட்டயத்துப் பெரிய பள்ளியின் பழஞ்சிலுவையிலும் இதே வாசகம் காணப்படுகிறது.

பாரசீகம் என்றதும் மற்றப் புதிர்களும் அவிழத் தொடங்குகின்றன. அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் பாடுபட்ட திருவுருவமில்லாத சிலுவையையே வணங்கி வந்தனர். ஆண்டவர் கல்லறையில் இல்லை, சிலுவையிலும் இல்லை, உயிர்த்துவிட்டார் என்பதே அவ்வெறுஞ்சிலுவை சொல்லும் செய்தி. ஆகவேதான் முனைகளில் மொட்டுகள்: பட்ட மரம் துளிர்த்தது என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுபோல. இறங்கும் பறவை தூய ஆவியாம் புறா. யோர்தான் நதியில் இறங்கியதை நற்செய்தியில் வாசித்திருக்கிறோம்.

ஆனால் அந்தத் தோரணம் பாரசீகத்திலிருந்து வந்ததன்று. நம் ஊர்க் கோயில்களில் காணும் மகர தோரணத்தை அறிந்தவர்க்கு அவ்விலங்குகளை அடையாளம் காண்பது கடினமன்று. அடியிலுள்ள இலைகளைத் தாமரை இதழ்கள் என்பாரும் உளர். இதனைக் கண்டு "பிற சமயச் சின்னம் எப்படி இங்கு நுழைந்தது?" என்று முகம் சுளித்த அன்பர்களை நாம் அறிவோம். சீனத்தின் சியான் நகரில் 781-இல் நாட்டப்பெற்ற கிறிஸ்தவக் கல்வெட்டின் உச்சியிலும் சிலுவை தாமரையின் மேல்தான் நிற்கிறது. இலங்கையின் அனுராதபுரத்தில் 1912-இல் கண்டெடுக்கப்பட்ட சிலுவையிலும் அடியில் இருபுறமும் இலைகள் எழுகின்றன. கடல்வழி வந்த அக்கிறிஸ்தவர்கள் தங்கள் மொழியில் செபித்தனர். சிற்பியோ தான் அறிந்த அழகை அச்செபத்திற்குச் சட்டமாக அமைத்தான். சேற்றில் வேரூன்றியும் சேறு ஒட்டாமல் மலரும் பூவை ஆண்டவரின் பாதத்தில் வைத்ததில் என்ன குற்றம் கண்டோம்?

ஒரு வருத்தம் மட்டும் எஞ்சுகிறது. எழுத்தின் வடிவை நோக்கி, இக்கல் ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது என அறிஞர் பலர் மதிப்பிடுவர். அவ்வாறாயின் தோமையார் கரம் பட்ட கல் இது என்னும் மரபு என்னாவது? முதன்முதலில் இதைப் படித்தபோது எமக்கும் மனம் கனத்தது. பின்னர் வேறொன்று புலப்பட்டது. கிறிஸ்தவம் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்திறங்கிய சரக்கு என்று நம் பிள்ளைகளிடம் பலர் சொல்லக் கேட்கிறோம். அக்கப்பல்கள் வருவதற்குக் குறைந்தது 600 ஆண்டுகளுக்கு முன்பே செதுக்கப்பெற்ற சிலுவை இங்கே நிற்கிறது. ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்னும் பயணி இலங்கையிலும் மலபாரிலும் கிறிஸ்தவர்கள் இருந்ததாக எழுதி வைத்தவற்றை இக்கல்லோடு சேர்த்துப் படிக்கலாம். அப்போஸ்தலரின் வருகைக்கு இது சான்றாகாமல் இருக்கலாம். அம்மலையில் அத்துணைத் தொன்மையில் நம்மவர் செபித்ததற்குச் சான்று இதைவிட வேறென்ன வேண்டும்?

திருப்பலி முடிந்தபின் அச்சிறுமியிடம் சென்று, "இயேசு உயிர்த்துப் போய்விட்டாரம்மா, அதனால்தான் சிலுவை பூத்திருக்கிறது, மேலே பறவை தெரிகிறதா பார்" என்றோம். அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தலைகீழா இருக்கு!" என்று சிரித்தாள். தாய் எழுந்து நின்று, தோரணத்தை ஓரத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கத் தொடங்கினார்.