கப்பலுக்கு அடியில் பூசும் பெயிண்டுக்கு எதற்குச் சட்டம்?

கோவையில் கடல் இல்லை. கப்பல் பெயிண்டைப் பற்றி நமக்கென்ன என்று தோன்றலாம். சாயக்கழிவு நொய்யலை என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

கப்பலின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டினால் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு கூடும். அதைத் தடுக்க டி.பி.டி. எனும் வெள்ளீய நஞ்சு கலந்த பெயிண்டைப் பூசினார்கள். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அந்த நஞ்சு கப்பலோடு நிற்கவில்லை. பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் வளர்ப்புச் சிப்பிகளின் ஓடுகள் உருக்குலைந்தன. வேறு இடங்களில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்து, இனப்பெருக்கமே நின்றது. 1982இல் பிரான்ஸ் சிறு படகுகளுக்கு இதைத் தடை செய்தது. உலக ஒப்பந்தம் 2001இல் உருவாகி, 2008இல்தான் அமலுக்கு வந்தது. கால் நூற்றாண்டுத் தாமதம்! இந்தியா 2014இல் வணிகக் கப்பல் சட்டத்தைத் திருத்தி இதைச் சேர்த்தது.

அப்படியானால் பெயிண்டே வேண்டாமா? எண்ணூர் கொசஸ்தலை ஆற்றைப் பாருங்கள். 'காக்கா ஆழி' எனும் தென் அமெரிக்கச் சிப்பி அடிச்சேற்றைப் பாய்போல மூடிவிட்டது. கப்பலின் அடியில் ஒட்டியோ, கப்பல் சமநிலைக்காக ஏற்றிவரும் நீரிலோ அது வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்தவர்களின் பிழைப்பு கெட்டு, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

துறைமுகத்திலேயே சுரண்டிவிடலாமே என்றால், தண்ணீருக்குள் சுரண்டும்போது பெயிண்டிலுள்ள செம்பும் உயிருள்ள சிப்பிகளும் அங்கேயே விழும். சுரண்டியதை உறிஞ்சி வடிகட்டும் கருவிகள் வந்துவிட்டன. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023இல் திருத்திய விதிமுறைகளும் இதைப் பேசுகின்றன. ஆனால் அவை வழிகாட்டுதல்கள்தாம், கட்டாயமில்லை.