தொய்ந்த சங்கிலியும் துணிந்த கைகளும்

மோட்டார் வாகனங்கள் எத்துணைதான் பெருகினாலும், பள்ளி செல்லும் பிள்ளைக்கும் தெருத்தெருவாகச் சென்று பொருள் விற்கும் சிறு வணிகருக்கும் மிதிவண்டியே இன்றும் உற்ற துணை. அது பெட்ரோல் கேட்பதில்லை. ஓட்டுநர் உரிமமும் கேட்பதில்லை. அத்தகைய வண்டி வீட்டுத் தாழ்வாரத்தில் துருவேறிக் கிடப்பதைக் காணும்போது ஏதோ பெரும் பழுது நேர்ந்துவிட்டதென்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அருகில் சென்று விசாரித்தால், பல வேளைகளில் காரணம் மிகச் சிறியதாக இருக்கும். சங்கிலி தொய்ந்துவிட்டது, அடிக்கடி கழன்று விழுகிறது, அவ்வளவே.

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பாதையில், மலைக்கு மேற்கே அமைந்துள்ள ஊர் அடி அண்ணாமலை. நகரமும் கடைவீதியும் மலையின் கிழக்குப் புறத்தில் உள்ளன. இவ்வூரிலிருந்து நகருக்கு வர விரும்புவோர் மலையைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். பாதி வழியில் சங்கிலி கழன்றால் கை கறுத்து, உடை அழுக்காகி, வகுப்புக்கும் நேரம் தவறிவிடும். மேட்டில் ஊன்றி மிதிக்கும்போது கழன்றாலோ, கால் வெற்றிடத்தில் இறங்கி, ஓட்டுபவர் நிலைகுலைந்து விழ நேரும். பௌர்ணமி நாளின் மக்கள் திரளில் அது பிறருக்கும் ஆபத்து.

மாணவியர்க்கு இதனால் நேரும் இழப்பு இன்னும் பெரிது. 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்காகத் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் பயிலும் பிற மாணவ மாணவியர்க்கும் விரிவடைந்தது. அதற்கும் முன்னர், 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தது. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையாரின் ஊக்கத்தால் பல்லாயிரம் கிராமப் பெண்கள் வண்டி ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் ஆண்களுக்கான வண்டிகளிலேயே ஏறிப் பழகினர். அவர்களுக்கு வண்டி என்பது வெறும் வாகனமன்று. பிறர் துணையை எதிர்பாராமல் வெளியே சென்று வரும் உரிமை.

அவ்வளவு முயன்று பெற்ற உரிமை ஒரு தொய்ந்த சங்கிலியால் பறிபோகலாமா? "வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்கும் பெற்றோரின் அச்சம் நியாயமானதே. ஆனால் அதற்கு விடை வண்டியை மூலையில் சாய்த்து வைப்பதன்று. அதைச் செப்பனிடக் கற்பதேயாகும்.

சங்கிலி ஏன் தொய்கிறது?

இன்று நாம் காணும் உருளைச் சங்கிலியை வடிவமைத்து 1880இல் காப்புரிமை பெற்றவர், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய 'ரோவர்' வண்டி, பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் முறையை நிலைபெறச் செய்தது. நம் நாட்டில் வழங்கும் வண்டிகளும் அவ்வழி வந்தவையே.

சங்கிலியின் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையே அரை அங்குலத் தொலைவு உண்டு. 24 கண்ணிகளை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்கும். நாளடைவில் மணலும் தூசியும் புகுந்து, கண்ணிகளை இணைக்கும் முளைகளையும் அவற்றைச் சூழ்ந்த குழல்களையும் தேய்க்கின்றன. இரும்பு நீள்வதில்லை; தேய்ந்த இடைவெளிகள் ஒன்று சேர்ந்து சங்கிலியை நீளச் செய்கின்றன. அதே 24 கண்ணிகள் 12⅛ அங்குலம் வந்துவிட்டால் சங்கிலியை மாற்றிவிடுவதே நன்று. அதற்கு மேலும் ஓட்டினால் பல்சக்கரங்களும் தேய்ந்து செலவு பெருகும்.

சரியான இறுக்கத்தை அறிய, இரு பல்சக்கரங்களுக்கும் நடுவே சங்கிலியை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மொத்தம் அரை அங்குலம் அசைந்தால் போதுமானது. பெடலை மெல்லச் சுழற்றிப் பல இடங்களில் சோதித்து, மிக இறுக்கமான இடத்தைக் கணக்கிற்கொள்ள வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் மிதிப்பது கடினமாகும்; அச்சின் பால்ரஸ் குண்டுகளும் விரைவில் தேயும்.

கையாலேயே ஓர் இழுப்பான்

சாதாரண வண்டிகளில் பின்சக்கர அச்சு, பின்னோக்கித் திறந்த நீண்ட காடியில் அமர்ந்திருக்கும். அச்சைப் பின்னே நகர்த்தினால் சங்கிலி இறுகும். அதற்கென இருபுறமும் உள்ள சிறு உறுப்பே 'செயின் அட்ஜஸ்டர்'. அது முறிந்தோ தொலைந்தோ போயிருந்தால், நாமே ஒன்றைச் செய்துகொள்ளலாம்.

மூன்று மில்லிமீட்டர் கனமும் 20 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட பட்டை இரும்பில், ஒவ்வொரு புறத்துக்கும் சுமார் எட்டு சென்டிமீட்டர் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் அச்சு நுழைய 10 மில்லிமீட்டர் துளையிடுங்கள். மறுமுனையைக் காடியின் பின்விளிம்பிற்கு அப்பால் வருமாறு உட்புறமாகச் செங்கோணத்தில் வளைத்து, வளைந்த பகுதியில் ஆறு மில்லிமீட்டர் துளையிடுங்கள். துளையிடும் வேலையை எந்த வெல்டிங் பட்டறையிலும் சிறு கூலிக்குச் செய்து தருவர்.

இனி ஆறு மில்லிமீட்டர் போல்ட் ஒன்றில், காடியின் வாயை மூடுமளவு அகன்ற வாஷர் ஒன்றைத் தலையின் மேல் வைத்து, தலை வண்டிச்சட்டத்தின் பின்விளிம்பை நோக்க, தண்டு பின்னோக்கி நீளுமாறு பொருத்துங்கள். தண்டில் நட்டைத் திருகிய பிறகே, அதை வளைந்த முனையின் துளையில் நுழைக்க வேண்டும். அப்போது நட்டு, போல்ட்டின் தலைக்கும் வளைந்த முனைக்கும் இடையில் நிற்கும். தலையைக் குறடால் பிடித்துக்கொண்டு நட்டைப் பின்னோக்கித் திருகத் திருக, பட்டை பின்னே தள்ளப்படும்; அதனோடு அச்சும் நகரும்.

அச்சு நட்டுகளைத் தளர்த்திய பிறகே இதனைச் செய்ய வேண்டும். இருபுறமும் சம அளவில் நகர்த்துங்கள். டயர் இரு தண்டுகளுக்கும் சரியாக நடுவில் ஓடுகிறதா என்று பாருங்கள். பின்னர் அச்சு நட்டுகளை நன்றாக முறுக்கி, பிரேக் கட்டைகள் விளிம்பில் சரியாகப் படிகின்றனவா என்று சோதியுங்கள். சக்கரம் நகர்ந்தால் பிரேக்கும் இடம் மாறும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அச்சு காடியின் கடைசிவரை வந்துவிட்டால், சங்கிலியில் ஓர் அங்குல நீளத்தை, அதாவது இரு கண்ணிகளை, நீக்கினால் அச்சு அரை அங்குலம் முன்னே வரும்.

காடி இல்லாத வண்டிக்கு

கியர் பழுதடைந்து, ஒற்றைப் பல்சக்கரமாக மாற்றிய வண்டிகள் சிலவற்றில் அச்சை முன்னும் பின்னும் நகர்த்த இடமிராது. அங்கே உருளை இழுப்பான் பயன்படும். பழுதான கியரிலிருந்து கழற்றிய சிறு பல்லுருளை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை இரும்பின் ஒரு முனையை அச்சு நட்டிற்குள் மாட்டி, மறுமுனையில் நீள்துளை அமைத்து, உருளையை அதில் போல்ட்டால் பொருத்துங்கள். நீள்துளையில் உருளையை நகர்த்தித் தேவையான இறுக்கத்தைப் பெறலாம்.

இங்கே மூன்று செய்திகள் முக்கியமானவை. மிதிக்கும்போது மேற்புறச் சங்கிலிதான் இழுவையைத் தாங்குகிறது. கீழ்ப்புறம் தளர்ந்தே இருக்கும். ஆகவே உருளை கீழ்ப்புறச் சங்கிலியில்தான் அமைய வேண்டும். கீழிருந்து மேலே அழுத்துமாறு அமைத்தால், பின்பல்சக்கரத்தைச் சங்கிலி கூடுதலாகச் சுற்றிப் பிடிக்கும்; எளிதில் தாண்டாது. அடுத்து, உருளை இரு பல்சக்கரங்களோடும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். வாஷர்களைச் சேர்த்தோ நீக்கியோ இதனைச் சரிசெய்யலாம். மூன்றாவது, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும் வண்டிக்கு இதனை ஒருபோதும் பொருத்தலாகாது. அத்தகைய வண்டியில் பின்மிதிக்கும்போது கீழ்ப்புறச் சங்கிலியே இழுவையைத் தாங்கும். அந்த விசை உருளையை வளைத்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

சங்கிலியைச் சோதிக்கும்போது பெடலைச் சுழற்றுபவரும் விரல் வைப்பவரும் ஒருவராகவே இருக்கட்டும். இருவர் சேர்ந்து செய்யும்போது விரல் பல்சக்கரத்தில் சிக்கும் ஆபத்து உண்டு. சிறு குழந்தைகளை அருகில் விடாதீர்கள். சமையல் எண்ணெயைச் சங்கிலிக்கு இடாதீர்கள். அது பிசுபிசுத்து மண்ணை ஈர்க்கும். மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக இட்டு, மிகுதியைத் துணியால் துடைத்துவிடுங்கள். புர்கா, தாவணி, துப்பட்டா அணிந்து செல்லும் நம் பெண்மக்களின் வண்டியில் செயின் கவரும் பின்சக்கர வலையும் கட்டாயம் இருக்க வேண்டும். செயின் கவர் உராய்ந்து ஒலிக்கிறதென்று அதனைக் கழற்றி எறிவது விபத்துக்கு வழிவகுக்கும். உராய்விற்குக் காரணமும் பல வேளைகளில் தொய்ந்த சங்கிலியே.

ஒரு ஸ்பேனரும் குறடும் எண்ணெய்க் குப்பியும் வீட்டில் இருக்கட்டும். அத்தாவோ அண்ணனோ வரும்வரை காத்திராமல், ஓட்டும் பிள்ளையே தன் வண்டியைச் சீர்செய்ய ஒரு விடுமுறை நாளில் கற்றுக்கொடுங்கள். மகனுக்குக் கற்பிப்பதை மகளுக்கும் கற்பியுங்கள். வழியில் சங்கிலி கழன்றால் கலங்காமல் மாட்டிக்கொண்டு செல்லத் தெரிந்த பிள்ளையை வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.