எண்ணெய் டின்னில் ஓர் இசைக்குழு

கார்த்திகை மாதத்தில் பறையடிக்கக் கிளம்புகிறவருக்கு முதலில் வேண்டியது ஒரு பிடி வைக்கோல். திருவண்ணாமலையில் அது மழைக்காலம். காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துப் பறையின் தோல் தொய்ந்துவிடும். அடித்தால் ‘தொப்’ என்று கேட்கும். வைக்கோலைக் கொளுத்தி, சற்றுத் தள்ளிப் பிடித்துக் காய்ச்சினால் ஈரம் வெளியேறித் தோல் சுருங்கி இறுகும். பிறகு அதே அடி தெருக்கோடி வரை கேட்கும்.

தீபத் திருநாளிலும் பௌர்ணமியிலும் வாத்திய ஓசைக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. அதைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு, ‘நாமும் ஒரு குழு தொடங்கினால் என்ன?’ என்று தோன்றாமல் இருக்காது. கீபோர்டு என்ன விலை, கிதார் என்ன விலை என்று விசாரித்ததும் அந்த ஆசை அடங்கிவிடுகிறது. அடங்க வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1956இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், குவாரி பேங்க் என்ற பள்ளியில் படித்த ஜான் லெனன் தன் தோழர்களைச் சேர்த்து ஒரு குழு தொடங்கினார். பள்ளியின் பெயரையொட்டி அதற்குக் குவாரிமென் என்று பெயர். அப்போது அந்நாட்டு இளைஞர்களை ‘ஸ்கிஃபிள்’ என்ற இசை பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் கிடைப்பதையே வாத்தியமாக்கிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. லெனனிடம் மலிவான ஒரு கிதார் இருந்தது. பீட் ஷாட்டன் கையில் துணி துவைக்கும் வரிப்பலகை. அதை விரலால் உரசினால் தாளம். லென் கேரியிடம் ஒரு காலித் தேயிலைப் பெட்டி. 1957 ஜூலை 6 அன்று வூல்டன் என்ற பகுதியில் ஒரு தேவாலய விழாவில் இவர்கள் வாசித்தார்கள். அன்றுதான் லெனனுக்குப் பால் மெக்கார்ட்னி அறிமுகமானார். உலகமே கொண்டாடிய பீட்டில்ஸ் குழுவின் வேர் அந்த நாளில் இருக்கிறது.

அந்தத் தேயிலைப் பெட்டி என் மனத்தைவிட்டு அகலுவதில்லை. அஸ்ஸாமிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறி அந்நாட்டுக்குப் போன பிளைவுட் பெட்டிகள் அவை. இலங்கை மலையகத்தில் அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்கள் நம் தமிழ்ப் பெண்கள். தேயிலை தீர்ந்த பிறகு பெட்டி பாடத் தொடங்கியது.

பெட்டி எப்படிப் பாடும்? வாய்ப்புறம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து, மேலே வந்த பலகையின் நடுவில் துளையிட்டு, ஒரு கயிற்றைக் கோத்து உள்ளே முடிச்சுப் போடுவார்கள். கயிற்றின் மறுமுனை ஒரு கழியின் உச்சியில். கழியின் அடி பெட்டியின் ஓரத்தில் ஊன்றியிருக்கும். ஒரு கையால் கழியைப் பிடித்து, மறு கையால் கயிற்றைச் சுண்ட வேண்டும். கழியை வெளிப்புறம் சாய்த்தால் கயிறு இறுகிச் சுருதி ஏறும்; தளர்த்தினால் இறங்கும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதே கயிற்றை அதே நீளத்தில் வைத்து நான்கு மடங்கு இறுக்கினால் அதிர்வு இரண்டு மடங்காகும். கீழ் ஸட்ஜமத்திலிருந்து மேல் ஸட்ஜமத்துக்குப் போய்விடுவோம். வெறும் கயிறு மெல்லியது, காற்றைத் தள்ள அதற்கு அகலம் போதாது. அது தன் அதிர்வைப் பலகைக்குக் கொடுக்கிறது; பலகை காற்றை அள்ளித் தள்ளுகிறது. வீணைக்குக் குடம் எதற்கோ அதற்கேதான் இங்கே பெட்டி. பெட்டியின் ஒரு பக்கத்தைச் சிறு கல் வைத்துத் தூக்கிவிட்டால் உள்ளே அடைபட்ட ஒலிக்கு வழி கிடைக்கும்.

தேயிலைப் பெட்டி நமக்குக் கிடைக்காது. மளிகைக் கடையில் 15 கிலோ எண்ணெய் டின் கிடைக்கும். ஓசை கொஞ்சம் தகரமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். நைலான் கயிறும் ஒரு சவுக்குக் கழியும் போதும்.

ஊதுவதற்குப் பூவரசு இலை. நம் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பீப்பி செய்ய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி ஊதினால், நசுங்கிய இரண்டு மடிப்புகளும் படபடவென்று மூடித் திறக்கும். காற்று துண்டுதுண்டாக உள்ளே போகிறது, அதுவே ஒலி. நாகசுரத்தின் சீவாளி வேலை செய்வதும் இந்த முறையில்தான். ஒரு பெரும் வித்வானின் வாத்தியத்துக்கும் பூவரசு இலைக்கும் தத்துவம் ஒன்று என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

தாளத்துக்குப் பறை. மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டிச் செய்வது. இடக்கையில் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சி, வலக்கையில் தடித்த அடிக்குச்சி. மிருதங்கத்தை ஒரு சுருதிக்குச் சேர்க்கலாம், பறையை அப்படிச் சேர்க்க முடியாது. ஏன்? ஒரே சீரான வட்டத் தோலில் அடிப்படை அதிர்வுக்கு அடுத்தது அதைப்போல் சுமார் 1.59 மடங்கு, அதற்கடுத்தது 2.14 மடங்கு. 2, 3 என்று முழு எண்ணில் வராததால் காதுக்கு ஒரு சுரம் பிடிபடுவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசும் கருஞ்சாந்து இந்த அதிர்வுகளை முழு எண்களுக்கு இழுத்து வருகிறது என்று சர் சி.வி.ராமன் ஆராய்ந்து காட்டினார். 1920இல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார். பறைக்கு அந்தச் சாந்து இல்லாதது குறையல்ல. எந்தச் சுருதியில் யார் பாடினாலும் அது உறுத்தாமல் சேர்ந்துகொள்ளும்.

பறையைச் சாவு வீட்டோடும் ஒரு சாதியோடும் கட்டிப்போட்டது நம் சமூகம் செய்த அநியாயம். இன்று பள்ளி, கல்லூரி விழாக்களில் பையன்களும் பெண்களும் அதைத் தோளில் மாட்டி ஆடுகிறார்கள். கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் ஊரில் தலைமுறையாக அடிக்கும் கலைஞரிடம் போய், ஆசான் என்று மதித்துக் கற்க வேண்டும். காய்ச்சும் பக்குவமும் அவரிடம்தான் இருக்கிறது. நெருப்பு மிஞ்சினால் தோல் வெடித்துவிடும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அரையாண்டு விடுமுறையில் நாலு பிள்ளைகள் ஓர் எண்ணெய் டின்னோடு உங்கள் மொட்டை மாடிக்கு வந்தால், சத்தம் என்று விரட்டாதீர்கள். ஒரு மணி நேரம் அவர்களை வாசிக்க விடுங்கள்.