நாய்களில் துர்நாற்றம்

நாய்களில் துர்நாற்றம் என்பது வளர்ப்பு நாயின் தோல், காது, வாய், குதப்பை முதலியவற்றிலிருந்து இயல்புக்கு மாறாக எழும் கெட்ட வாடையைக் குறிக்கும். எல்லா நாய்களுக்கும் இயல்பான மெல்லிய மணம் ஒன்று உண்டு. அது திடீரென மாறினாலோ, குளிப்பாட்டிய ஓரிரு நாட்களில் மீண்டும் கடுமையானாலோ அதற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு அன்று, நோயே ஆகும்.

இயல்பான மணம்

நாயின் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் சுரக்கும் கொழுப்புப் பொருளும், அதில் வாழும் நுண்ணுயிர்களும் சேர்ந்து அதன் தனி மணத்தை உண்டாக்குகின்றன. நாய் நனையும்போது வாடை மிகுவதற்குக் காரணம், நீர் ஆவியாகும்போது இந்நுண்ணுயிர்கள் வெளியிட்ட சேர்மங்களும் உடன் காற்றில் கலப்பதாகும். உடல் உலர்ந்ததும் இவ்வாடை குறைந்துவிடும்.

திருவள்ளூர் மாவட்டச் சூழல்

திருவள்ளூர் மாவட்டம் தமிழ்நாட்டின் வடகிழக்கு எல்லையில் அமைந்துள்ளது. கும்மிடிப்பூண்டியை உள்ளடக்கிய அதன் கிழக்குப் பகுதி வங்காள விரிகுடாவையும் பழவேற்காடு ஏரியையும் அடுத்துள்ளதால் காற்றில் ஈரப்பதம் மிகுதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாயின் உரோமம் எளிதில் உலர்வதில்லை. வெப்பமும் ஈரமும் சேரும்போது மலசீசியா எனப்படும் மதுவம் (ஒரு வகைப் பூஞ்சை) காதுகளிலும் தோல் மடிப்புகளிலும் பெருகுகிறது. லாப்ரடார், பக் போன்ற அயல் இனங்களை விட, குட்டை உரோமம் கொண்ட இராசபாளையம், சிப்பிப்பாறை ஆகிய நாட்டு இனங்கள் விரைவில் உலர்கின்றன.

சொறி பிடித்த நாய்க்குக் கழிவு இயந்திர எண்ணெய் பூசும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பட்டறைகளும் சரக்குந்துகளும் நிறைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை போன்ற பகுதிகளில் இவ்வெண்ணெய் எளிதில் கிடைக்கும். நாய் தன் உடலை நக்குவதால் எண்ணெயிலுள்ள நச்சுப் பொருட்கள் வயிற்றினுள் செல்கின்றன, தோலும் புண்ணாகிறது. சொறியோ குணமாவதில்லை. பினாயில், பெட்ரோல் ஆகியவற்றைப் புழு வைத்த புண்ணில் ஊற்றுவதும் இவ்வாறே தீங்கானது.

வாடையும் காரணமும்

* புளித்த வாடை, பிசுபிசுப்பான தோல்: மதுவத் தொற்று.
* காதில் கெட்ட வாடை, தலையை அடிக்கடி உதறுதல்: புறக்காது அழற்சி.
* மீன் வாடை, பின்புறத்தைத் தரையில் தேய்த்தல்: குதப்பை அடைப்பு அல்லது தொற்று.
* வாய் நாற்றம்: பெரும்பாலும் பற்காரை, ஈறு நோய்.
* வாயில் சிறுநீர் வாடை: சிறுநீரகச் செயலிழப்பு. மழைநீர் தேங்கும் இடங்களில் பரவும் எலிக்காய்ச்சலும் இதற்குக் காரணமாகலாம். அந்நோய் மனிதருக்கும் தொற்றும்.
* வாயில் பழ வாடை: முற்றிய நீரிழிவு.
* அழுகிய வாடை: புழு வைத்த புண். கருத்தடை செய்யப்படாத பெண் நாயின் பிறப்புறுப்பிலிருந்து இவ்வாடையுடன் சீழ் வடிந்தால் அது கருப்பைச் சீழ் நோயாக இருக்கலாம். உடனே மருத்துவம் செய்யாவிடில் உயிரிழப்பு நேரும்.

பராமரிப்பு

நலமான நாயை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குளிப்பாட்டினால் போதும். மனிதரின் தோல் அமிலத்தன்மை உடையது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. ஆகவே மனிதருக்கான சோப்பைத் தவிர்த்து, நாய்களுக்கான சாம்பூவைப் பயன்படுத்த வேண்டும். குளித்தபின் காது, விரலிடுக்கு, தோல் மடிப்பு ஆகியவற்றை நன்கு துடைத்து உலர்த்துதல் அவசியம். மதுவத் தொற்றுக்குக் குளோரெக்சிடின், மைக்கோனசோல் கலந்த சாம்பூவை மருத்துவர் பரிந்துரைப்பர். அதனை உடலில் பூசிச் சுமார் 10 நிமிடங்கள் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். படுக்கைத் துணியை வாரந்தோறும் துவைத்து வெயிலில் உலர்த்தலாம். பல் துலக்க மனிதருக்கான பற்பசை கூடாது; சிலவற்றிலுள்ள சைலிட்டால் நாய்க்கு நஞ்சாகும். வாசனைத் தூள் வாடையை மறைக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. நோயறிதலைத் தாமதமாக்கவும் கூடும்.

மருத்துவ வசதி

திருவள்ளூர் மாவட்டத்தில் அரசு கால்நடை மருத்துவமனைகளும் மருந்தகங்களும் உள்ளன. உயர் சிகிச்சைக்குச் சென்னை வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். இக்கல்லூரி 1903 இல் தொடங்கப்பட்டது. 1989 இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இது இயங்குகிறது.

சட்டம்

தீராத நாற்றம் காரணமாக நாய்களைத் தெருவில் விட்டுவிடுவோரும் உண்டு. பட்டினியாலோ தாகத்தாலோ வலியால் துன்புறும் நிலையில் ஒரு விலங்கை, தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். மேற்கூறிய காரணங்களுள் பெரும்பாலானவை உரிய காலத்தில் கண்டறியப்பட்டால் குணப்படுத்தவோ கட்டுப்படுத்தவோ கூடியவை.