உளவியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு முன்னால் இருப்பது

உயர்தரப் பெறுபேறும் வெட்டுப்புள்ளியும் வெளியான பின்னர் கலைப்பிரிவுப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் கேள்விகளில் ஒன்று இப்போது அடிக்கடி வருகிறது: "சேர், கம்பஸுல சைக்கோலஜி செஞ்சா நல்லமா?" மறுநாள் அந்தப் பிள்ளையின் வாப்பா வந்து வேறு விதமாகக் கேட்பார்: "இந்தப் புள்ள படிச்சி முடிச்சி விசர் ஆஸ்பத்திரியிலயா வேல செய்யப் போகுது?" இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான்: அந்தப் படிப்பு என்னவென்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் தமிழ் சிறப்புப் பட்டம் படித்த ஆசிரியன். உளவியல் என் துறையன்று. ஆனால் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி அத்துறையில் சிறப்புப் பட்டம் செய்தபோது, அவளுடைய இறுதியாண்டு ஆய்வுக்கான வினாக்கொத்தைத் தமிழாக்கும் வேலை என் கைக்கு வந்தது. அதற்காக அவளது பாடக்குறிப்புகளையும் நூல்களையும் மாதக்கணக்கில் வாசிக்க வேண்டியதாயிற்று. அதில் விளங்கியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

எங்கே, எவ்வளவு காலம்?

நமது உயர்தரப் பாடங்களில் உளவியல் இல்லை. ஆகவே கலைப்பீடத்துக்குப் போகும் பிள்ளை அதைப் புதிதாகத்தான் தொடங்குகிறது. அளவையியலும் விஞ்ஞான முறையும் எடுத்த பிள்ளைக்குச் சற்று இலகு. பொதுப் பட்டம் மூன்று வருடம், சிறப்புப் பட்டம் நான்கு வருடம். சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாக முதல் வருடப் பெறுபேறு நன்றாக இருக்க வேண்டும்.

இலங்கையில் இத்துறை நீண்ட காலம் மெய்யியலோடு சேர்ந்தே வளர்ந்தது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் துறையின் பெயரே மெய்யியல், உளவியல் துறை என்று அமைந்தது. உலகளவிலும் கதை இதுதான். மனத்தைப் பற்றிய விசாரணை மெய்யியலின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1879இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் ஓர் ஆய்வுகூடம் அமைத்தார். உளவியல் தனி விஞ்ஞானமாகப் பிரிந்ததை அந்த வருடத்திலிருந்து கணக்கிடுவது வழக்கம்.

பெற்றோர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. மருந்து எழுதிக் கொடுப்பவர் உளமருத்துவ நிபுணர். அவர் முதலில் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் அத்துறையில் விசேட பயிற்சி பெற்றவர். பிரதேச செயலகத்தில் இருப்பவர் உளவளத்துணை உத்தியோகத்தர். உளவியல் முதற்பட்டம் ஒரு பிள்ளையை இவர்களில் எவராகவும் நேரடியாக ஆக்கிவிடாது. சிகிச்சை உளவியலாளராக வேண்டுமானால் அதற்கு மேல் பட்டப்பின் படிப்பும் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியும் வேண்டும். நான்கு வருடம் முடிந்ததும் வீட்டு வாசலில் பலகை தொங்கவிடலாம் என்று நினைக்கும் பிள்ளையிடம் இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

உள்ளே என்ன இருக்கிறது?

போகிற பிள்ளைகள் கனவுக்கு விளக்கம், முகம் பார்த்து மனதைச் சொல்லுதல் என்று எதையோ எதிர்பார்த்துப் போகிறார்கள். முதல் பருவத்திலேயே முன்னால் வந்து நிற்பது புள்ளிவிபரவியல். கூடவே மூளையும் நரம்புத்தொகுதியும், ஆய்வு முறையியல், பிள்ளை விருத்தி, சமூக உளவியல், ஞாபகம், உளநோய்கள், ஆய்வு ஒழுக்கம் எல்லாம் வரும். ஃபிராய்ட் வருவார், ஆனால் பாடநூலில் அவருக்குரிய இடம் நாம் நினைப்பதைவிடச் சிறியது.

கணக்குக்குப் பயந்து கலைப்பிரிவுக்கு வந்த பிள்ளை இங்கேதான் திணறும். ஆனால் அந்தக் கணக்கு எதற்கு என்று விளங்கினால் பயம் பாதி குறையும். நமது நாட்டு உதாரணம் ஒன்றையே பாருங்கள். 1995இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகின் மிக உயர்ந்த வீதங்களில் அதுவும் ஒன்று. யுத்தம், வறுமை, காதல் தோல்வி, ஈமான் குறைவு என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னோம். அடுத்த பத்து வருடத்தில் அந்த வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. யுத்தமும் வறுமையும் அப்போதும் இருந்தன. ஆய்வாளர்கள் ஒவ்வொரு காரணத்தையும் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மிகக் கொடிய நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகளுக்கு அரசாங்கம் விதித்த தடையே அந்த வீழ்ச்சியோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது. ஒரு கணநேர ஆத்திரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த போத்தல் உயிரைக் கொண்டுபோயிருக்கிறது. போத்தலின் நஞ்சு குறைந்ததும் ஆட்கள் பிழைத்தார்கள். "எனக்குத் தெரியும், இதுதான் காரணம்" என்று சொல்லும் நாக்கைக் கட்டிவைக்கப் பழக்குவதுதான் இந்தப் படிப்பின் முதல் வேலை.

ஞாபகத்தைப் பற்றிய பாடமும் அப்படியே. எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பாமரும் 1974இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றில், மாணவர்களுக்கு வாகன விபத்துப் படம் காட்டி வேகத்தைக் கேட்டார்கள். "மோதி நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 41 மைல் என்றார்கள். "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் 32 மைல் என்றார்கள். பார்த்தது ஒரே படம், மாறியது ஒரு வினைச்சொல். இதைப் படித்த பிள்ளை, ஊர்ப் பிணக்கில் "நான் கண்ணால கண்டன்" என்று ஒருவர் சத்தியம் பண்ணும்போது அவரைப் பொய்யர் என்று சொல்லாது. அவரிடம் யார், எந்தச் சொல்லில் முதலில் கேட்டார்கள் என்று விசாரிக்கும்.

இத்துறை தன்னையும் விசாரித்துக்கொள்கிறது. பிரசுரமான 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்து 2015இல் முடிவு வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடியவையே முன்னைய முடிவை மீண்டும் தந்தன. "மனித மனம்" என்று நூல்கள் பேசுவது பெரும்பாலும் மேற்குநாட்டுப் பல்கலைக்கழக மாணவரின் மனத்தைத்தான் என்று ஹென்றிக்கும் அவரது சகாக்களும் 2010இல் எழுதினார்கள். இதைக் கேட்டு "அப்ப இது பொய்ப் படிப்பு" என்று முடிவுகட்டத் தேவையில்லை. நம்மைப் போன்றவர்களை அந்த நூல்கள் இன்னும் போதியளவு பார்க்கவில்லை என்பதே இதன் பொருள். பார்க்க வேண்டியவர்கள் நமது பிள்ளைகள்.

சொல் எங்கே இருக்கிறது?

என் வேலை வந்த இடம் இதுதான். நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம். நமது நாட்டுத் தமிழில் நெருக்கீடு, பதகளிப்பு, மனச்சோர்வு, மனவடு, சீர்மியம் என்று நல்ல கலைச்சொற்கள் உண்டு. ஆனால் அவை வாசிப்பவர்களின் சொற்கள். கரைவலைக்காரரின் மனைவியிடம் "உங்களுக்குப் பதகளிப்பு உண்டா?" என்று கேட்டால் அவர் உங்களைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார். அவரிடம் இருப்பவை வேறு சொற்கள்: "நெஞ்சு அடைக்கிற மாதிரி", "ஈரல் கருகுது", "சோறு இறங்குதில்ல", "கல்பு ஒரு நிலையில இல்ல". மனத்தின் நோவை உடம்பின் மொழியில் சொல்வது நமது வழக்கம். அதனால்தான் அநேகர் மனநோவை எடுத்துக்கொண்டு இதய வைத்தியரிடம் போகிறார்கள்.

வினாக்கொத்தைத் தமிழாக்குவதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் தமிழில் எழுத, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக, இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒரு வினாவில் நாங்கள் பல நாள் நின்றோம். எதிர்காலம் பற்றி நம்பிக்கையிழந்து இருக்கிறீர்களா என்பது அதன் கருத்து. தமிழில் சரியாகவே எழுதினேன். மாணவி சொன்னாள்: "சேர், எங்கட உம்மாமார் எல்லாரும் இதுக்கு இல்லயெண்டுதான் சொல்லுவாங்க. அல்லாஹ்ட ரஹ்மத்துல நம்பிக்கை இழக்கிறது பாவமெண்டு அவங்களுக்குத் தெரியும்." அந்த வினா மனச்சோர்வை அளக்காமல் ஈமானை அளந்துவிடும். "விடிஞ்சா என்ன செய்யிறண்டே வெளங்காம இரிக்கா?" என்ற போக்கில் அதை மாற்றினோம். இலக்கணம் கெட்டது, கேள்வி பிழைத்தது.

இன்னொன்று, "அல்லாஹ் எடுத்துக்கிட்டா நல்லம்" என்ற பேச்சு. வயதான ஒருவர் பெருமூச்சோடு சொன்னால் அது வெறும் சலிப்பாக இருக்கலாம். பத்தொன்பது வயதுப் பிள்ளை, சாப்பாடு விட்டு, நித்திரை விட்டுச் சொன்னால் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பயப்படுகிறோம். ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் தரவில்லை. நேரடியாக, அன்பாகக் கேட்பதால் ஆபத்துக் கூடுவதில்லை. இரவில் யாரிடம் பேசுவது என்று தெரியாதவர்களுக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும் இருக்கிறது.

வஸ்வாஸ் என்ற ஒரு சொல்

நமக்கு மட்டும் உரிய சொல்லும் உண்டு. வுழூ முறிந்ததோ, நிய்யத் சரியோ என்று மணிக்கணக்கில் தண்ணீர்க் குழாயடியில் நிற்பவரை "வஸ்வாஸ் பிடிச்ச ஆள்" என்போம். சிலர் பேணுதல் என்று பாராட்டுவோம், சிலர் ஓதிப் பார்க்கக் கூட்டிப்போவோம். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று வழங்கும் நிலை சிலரில் இந்த உருவத்தில் வருகிறது. அதற்கான நடத்தைச் சிகிச்சை, சந்தேகம் எழுந்தாலும் திரும்பக் கழுவாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குவது. "உறுதியானது சந்தேகத்தால் நீங்காது" என்ற ஃபிக்ஹு விதியும், வஸ்வாஸைப் பொருட்படுத்தாமல் விடச் சொல்லும் உலமாக்களின் வழிகாட்டலும் இதே திசையில்தான் நிற்கின்றன. இரண்டும் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் மௌலவியும் வைத்தியரும் ஒரே நோயாளிக்கு எதிரெதிராகப் பேச வேண்டி வராது.

இது புதிய யோசனையுமல்ல. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்து கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலினதும் உள்ளத்தினதும் நலம் பற்றி எழுதிய நூலில் கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். காரணம் தெரிந்த துக்கத்தையும் காரணம் தெரியாத துக்கத்தையும் வேறுபடுத்தினார். சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி அந்நூலை ஆங்கில வாசகருக்கு அறிமுகம் செய்தார். மேற்கத்தியக் கோட்பாட்டைக் கேள்வியின்றி விழுங்கும் முஸ்லிம் உளவியலாளரை 1979இல் ஒரு நூலில் கண்டித்தவரும் அவரே. விழுங்கவும் வேண்டாம், துப்பவும் வேண்டாம், மென்று பார்க்க வேண்டும். பட்டப்படிப்பு அந்தப் பல்லைத்தான் தருகிறது.

ஆகவே, படிக்கலாமா என்று கேட்கும் பிள்ளைக்கு நான் சொல்வது: ஆங்கிலத்தை இப்போதே தொடங்கு, புள்ளிவிபரத்தைக் கண்டு ஓடாதே, முதற்பட்டத்தோடு நிற்காதே, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாதே. கடைசியாகச் சொன்னது எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமான நமது ஊர்களில் மிகக் கடினம், அது இல்லாவிட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

வாப்பாமாருக்குச் சொல்வது வேறு. யுத்தத்தையும் 1990இன் வெளியேற்றத்தையும் சுனாமியையும் கண்ட சமூகம் நமது சமூகம். நெஞ்சடைப்பு என்று நாம் சொல்வதை நமது சொல்லிலேயே கேட்டு விளங்கக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளை அந்த விரல்களில் ஒன்றாகப் போகிறது என்றால், தடுப்பதற்கு முன் ஒரு தரம் யோசியுங்கள்.