'நோ சிக்னல்' என்றால் என்ன பொருள்?

வியாபாரிகளாகிய நமக்குப் பழைய பேரேட்டின் இடத்தில் இன்று கணிப்பொறிதான். மாதாமாதம் கணக்குக் காட்டுவோர் 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. படிவம் கொடுத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து மானிட்டரில் 'நோ சிக்னல்' என்று எழுத்து வரும். "கணக்கெல்லாம் போச்சே" என்று ஆடிப்போகிறோம். பழுது பார்க்க வருகிறவர் புது மானிட்டர் வாங்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் வாங்கியும் விடுகிறோம். பதற்றமும் வேண்டாம், செலவும் வேண்டாம்.

சமண தருக்கத்தில் 'ஸ்யாத்' என்றொரு சொல் உண்டு. 'ஒரு வகையில்' என்று பொருள். எந்தக் கூற்றும் சொல்பவன் நின்ற இடத்திலிருந்து மட்டுமே மெய் என்பதை அது நினைவூட்டும். மானிட்டர் சொல்வதையும் அப்படித்தான் கேட்க வேண்டும். "என் வாசலுக்கு எதுவும் வந்து சேரவில்லை" என்பதே அதன் கூற்று. "கணிப்பொறி செத்துப்போச்சு" என்று அது சொல்லவில்லை. எழுத்தைக் காட்டுகிற திரைக்கு உயிர் இருக்கிறது என்பதும் இதிலேயே தெரிகிறது. கணக்குகள் இருப்பதோ பெட்டிக்குள், ஹார்டு டிஸ்கில்.

ஆகவே வாசலில் தொடங்கி உள்ளே போவோம். முதலில் மானிட்டரின் சோர்ஸ் பொத்தான். கேபிள் எச்.டி.எம்.ஐ.யில் இருக்க, மானிட்டர் விஜிஏவை எதிர்பார்த்துக் காத்திருக்கலாம். அடுத்து, கேபிளின் இரு முனைகளையும் கழற்றி இறுக்கமாகச் செருகுங்கள். பெட்டியில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் சேர வேண்டும். மதர்போர்டில் செருகினால் பல கணிப்பொறிகளில் படம் வராது.

அப்படியும் இருட்டு என்றால் கீபோர்டில் நம்லாக்கை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே கணிப்பொறி ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 10, 11இல் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் படம் காட்டும் பகுதி மட்டும் புதிதாகத் துவங்கும். விளக்கு அசையாவிட்டால் ராமைச் சந்தேகிக்கலாம். மும்பை மழைக்காலத்து ஈரத்தில் அதன் தொடுமுனைகளில் அழுக்குப் படியும். மின்பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து அழுத்திப் பொருத்தினால் பல நேரம் சரியாகிவிடும்.

'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்பது வேறு. சிக்னல் வருகிறது, அளவுதான் ஒத்துவரவில்லை. சாதாரண ஆபீஸ் மானிட்டர்கள் பலவும் நொடிக்கு 60 முதல் 75 முறை படத்தைப் புதுப்பிக்கக்கூடியவை. அதற்கு மேல் கேட்டால் மறுத்துவிடும். கூடவே இன்னொரு மானிட்டரை இணைத்து, அதைப் பார்த்துக்கொண்டே முதலாவதன் அளவை 60 ஹெர்ட்ஸாகக் குறைக்கலாம்.

நிறம் மட்டும் பிசகினால் கேபிளைப் பாருங்கள். 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ இணைப்பில் 15 ஊசிகள். முதல் மூன்றும் முறையே சிவப்பு, பச்சை, நீலம். வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். கேபிளை மாற்றினாலே போதும்.

மானிட்டரை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பழைய குழாய் மானிட்டரில் அணைத்த பிறகும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். இத்தனைக்கும் மசியாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் புதியது வாங்குமுன், அந்த மானிட்டரையும் கேபிளையும் வேறொரு கணிப்பொறியில் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். அங்கே படம் வந்தால் மானிட்டருக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.