கையில் ஒன்று

காவிரிக் கரையில், முக்கொம்புக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு. ஒரு பையன் கரும்பலகையில் 27ஐ எழுதி, அதன் கீழே 35ஐ எழுதி, கோடு போட்டான். ஏழும் அஞ்சும் பன்னிரண்டு என்று விரல் மடக்கி எண்ணி, கோட்டுக்குக் கீழே 12 எழுதினான். ரெண்டும் மூணும் அஞ்சு. அதை 12க்கு இடப்பக்கம் சேர்த்தான். 512. சாக்பீஸ் தூசியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். அவன் முகத்தில் துளி சந்தேகம் இல்லை.

அவன் கூட்டியதில் பிழையே இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏழும் ஐந்தும் பன்னிரண்டுதான். இரண்டும் மூன்றும் ஐந்துதான். அதற்கு முன்னால் வாரக்கணக்கில் அவன் போட்டவை எல்லாம் 23 + 45, 31 + 56 போன்ற கணக்குகள். பாடநூலில் அதற்கு இனமாற்றமில்லாக் கூட்டல் என்று பெயர். அதில் ஒவ்வொரு வரிசையும் தனிக்குடித்தனம். பக்கத்து வரிசையை எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே வராது. இனமாற்றம் வரும் முதல் நாளில், இத்தனை நாள் பழகியதையே அவன் ஒழுங்காகச் செய்தான். 512 அவனுடைய கவனக்குறைவு அல்ல. அவன் கற்ற வரிசைமுறை அவனைக் கொண்டுபோய் நிறுத்திய இடம்.

எனக்கு இது புதிதும் அல்ல. 1970களில் இதே காவிரிக் கரையில்தான் நானும் சிலேட்டும் பலப்பமுமாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் வாத்தியார் சொல்லும் வாய்ப்பாடு ஒன்று உண்டு: "ஏழும் அஞ்சும் பன்னண்டு. ரெண்டு போடு, கையில ஒண்ணு." நான் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். அதில் எதுவும் இல்லை. "எங்க சார் ஒண்ணு?" என்று கேட்டதற்குப் பிரம்படி கிடைத்தது. அதன்பிறகு கேட்கவில்லை. கையில் ஒன்று, கையில் ஒன்று என்று சொல்லிச் சொல்லியே எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டுத் தேறினேன். அந்த ஒன்று உண்மையில் பத்து என்று எனக்குப் புரிந்தது பல வருஷம் கழித்துத்தான். விடை சரியாக வந்ததால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

முக்கொம்புக்காரர்களுக்கு இதை விளக்க ஓர் உவமை கைவசம் உண்டு. காவிரி கொள்ளாத தண்ணீர் இங்கே பிரிந்து கொள்ளிடத்துக்குப் போகும். ஒன்றாம் இடம் கொள்ளாதது பத்தாம் இடத்துக்குப் போகிறது. கொள்ளிடம் என்ற பெயரிலேயே இடம் இருக்கிறது. நானும் இந்த உவமையைச் சொல்லிப் பார்த்தவன்தான். ஆனால் பாதிதான் பொருந்தும். மதகு தாண்டிப் போகிற தண்ணீர் அளவு மாறாமல் அதே தண்ணீராகத்தான் போகிறது. கூட்டலில் அப்படி இல்லை. பத்தாகக் கிளம்பியது அடுத்த இடத்தில் ஒன்றாகப் போய்ச் சேர்கிறது. ஆறு அதைச் செய்வதில்லை. மரக்கால் செய்யும்.

எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஊருக்கு ஊர் மரக்காலின் அளவு கூடும் குறையும், வாய்ப்பாடு இதுதான். களத்தில் ஒருவனுக்கு 5 மரக்கால் 6 படி, இன்னொருவனுக்கு 7 மரக்கால் 5 படி. படி பதினொன்று, எட்டை எடுத்து ஒரு மரக்காலாக்கினால் மூன்று படி நிற்கும். மரக்கால் இப்போது பதின்மூன்று. பன்னிரண்டு போய் ஒரு கலம் ஆகும். 1 கலம் 1 மரக்கால் 3 படி. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதை நெல்லிலக்கம் என்ற சுவடியாகவே மனப்பாடம் செய்தார்கள். செவிடு ஐந்து ஆழாக்கு, ஆழாக்கு இரண்டு உழக்கு, உழக்கு இரண்டு உரி, உரி இரண்டு நாழி என்று கட்டு இடத்துக்கு இடம் மாறும். இன்று நம் பிள்ளைகள் பத்தில் மட்டும் செய்யத் திணறுகிற இனமாற்றத்தை அவர்கள் ஐந்திலும் இரண்டிலும் எட்டிலும் பன்னிரண்டிலும் செய்தார்கள். அளக்கிற பாத்திரம் வீட்டு முற்றத்தில் கிடந்ததால், எது எதுவாக மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தார்கள்.

அவர்கள் எழுதிய முறையிலும் ஒரு நுட்பம் இருந்தது. தமிழ் எண்ணில் 27 என்பது ௨௰௭. இரண்டு, பத்து, ஏழு. 35 என்பது ௩௰௫. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று இடத்துக்கே தனிக்குறி. ஏழும் ஐந்தும் கூட்டினால் ௰௨ என்று வரும். அந்த ௰ தானாகவே மற்ற ௰களோடு போய்ச் சேரும். விடை ௬௰௨. இந்த எழுத்தில் 512 என்ற பிழையைச் செய்யவே முடியாது. ஐந்நூறு வேண்டுமென்றால் ௱ என்ற குறியை எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும். சுழியம் போட்டு இடத்தால் மதிப்புச் சொல்லும் முறை பெரிய எண்களுக்கும் பெருக்கலுக்கும் எவ்வளவோ வசதி. ஆனால் அந்த வசதிக்காக இடத்தின் பெயரை எழுத்திலிருந்து எடுத்துவிட்டோம். எடுத்ததைக் குழந்தையின் மனதில் திருப்பி வைக்கிற வேலை ஆசிரியருக்கு வந்து சேர்ந்தது.

பழையதை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் சென்னை மாகாணத்தின் கலெக்டர்களிடமெல்லாம் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826இல் தொகுத்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஆர்தர் காட்டன் இங்கே மேலணை கட்டிய 1836க்குப் பத்து வருஷம் முந்திய கணக்கு அது. அந்த எண்ணிக்கைக்குள் பெண் குழந்தைகள் மிகச் சிலர். வயலில் நெல்லை அறுத்து அடித்தவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் திண்ணையில் இடமே இல்லை. களத்தில் நெல்லை அளந்து போட்டவன் ஒருவன், அதைச் சுவடியில் கூட்டத் தெரிந்தவன் வேறொருவன். கூட்டல் தெரியாதவனுக்குக் கூலி எப்படி அளக்கப்பட்டது என்பதை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

என் அப்பா படித்த காலத்தில் படியும் மரக்காலும் போதாதென்று அணாவும் பையும் சேர்ந்துகொண்டன. பன்னிரண்டு பை ஓரணா, பதினாறு அணா ஒரு ரூபாய். 3 ரூபாய் 9 அணா 8 பையோடு 2 ரூபாய் 10 அணா 7 பையைக் கூட்டச் சொன்னால், எழுபது வயதிலும் திண்ணையில் சாய்ந்தபடியே "ஆறு ரூபாய் நாலணா மூணு பை" என்று சொல்லிவிடுவார். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிலோவும் லிட்டரும் வந்தன. எல்லாம் பத்துப் பத்தாக ஆனது. குழந்தைகளுக்குப் பெரிய விடுதலை அது, சந்தேகமில்லை. கூடவே, ஏன் இங்கே கட்டு மாறுகிறது என்ற கேள்விக்கும் வேலையில்லாமல் போயிற்று. எல்லா இடத்திலும் பத்து என்றால், பத்து ஏன் என்று யார் கேட்பார்? "கையில ஒண்ணு" மட்டும் மிஞ்சியது.

செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுக்க வந்தபோது வகுப்பறையின் உருவமே மாறியது. அட்டைகள், ஏணிப்படிகள், பாயில் குழுக் குழுவாகப் பிள்ளைகள், அவர்களோடு தரையில் உட்கார்ந்த ஆசிரியர். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. அதில் வயதைப் பார்க்காமல் எட்டிய நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்தார்கள். கேள்வி கேட்டதற்கு அடி வாங்கிய எனக்கு, கேள்வி கேட்கச் சொல்லுகிற வகுப்பைப் பார்க்கவே மனம் நிறைகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பத்து என்று அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பட்டையைக் கொடுத்தால் குழந்தை அதைப் பத்து என்று நம்பத்தான் முடியும். பிரித்துப் பார்க்க முடியாது. விளக்குமாற்று ஈர்க்குச்சி பத்தை எண்ணி ரப்பர் பேண்டு போட்டால், கட்டியதும் அவள், அவிழ்ப்பதும் அவள்.

இனமாற்றமில்லாதது முதலில், இனமாற்றம் பிறகு என்ற வரிசையையும் நான் கேள்வி கேட்பேன். குச்சியைக் கையில் கொடுத்துவிட்டால் 27 + 35ஐ முதல் வாரத்திலேயே கொடுக்கலாம். முக்கொம்புப் பூங்காவுக்கு வெளியே மீன் வறுத்து விற்கிற அம்மாவைப் பாருங்கள். இருபத்தேழும் முப்பத்தஞ்சும் என்றால், "அம்பது, அப்புறம் பன்னண்டு, அறுவத்திரண்டு" என்று பெரிய பக்கத்திலிருந்து வருவார். பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த ஐந்து குழந்தைகளை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து 1985இல் வெளியிட்ட ஆய்வில், வாடிக்கையாளர் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரியாக வந்தது. அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காக எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம்தான். தெருவில் எண் முழுசாக இருந்தது; தாளில் துண்டு துண்டாக ஆகிவிட்டது.

தமிழில் எண்ணுகிற பிள்ளைக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. பதினொன்று என்றாலே பத்தும் ஒன்றும்; இருபத்தேழு என்றாலே இரண்டு பத்தும் ஏழும். ஆங்கிலத்திலோ இந்தியிலோ இவ்வளவு துலக்கம் இல்லை. தொண்ணூறில் மட்டும் மொழி நம்மைக் கைவிடுகிறது. நூறு என்று முடிகிறது, ஆனால் நூறு இல்லை. தொள்ளாயிரமும் அப்படியே.

512 எழுதிய பையனுக்குப் பக்கத்தில் இருந்த சிறுமி பாயில் குச்சிகளைப் பரப்பியிருந்தாள். டீச்சர் அவளுக்கு 58 + 32 கொடுத்திருந்தார். உதிரிக் குச்சிகளை எண்ணினாள். எட்டும் இரண்டும் பத்து. ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி இடது கையில் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் ஒன்று இருந்தது. நான் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் உள்ளங்கையில் தேடியது அதுதான். மற்ற எட்டுக் கட்டோடு அதையும் வைத்து எண்ணி, "தொண்ணூறு, டீச்சர்" என்றாள்.

"எழுதும்மா" என்றார் டீச்சர்.

பென்சில் நோட்டுக்கு மேலே நின்றது. தொண்ணூறு என்று உதட்டுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். கட்டுகளை மறுபடி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி 9 எழுதினாள். பிறகு உதிரிக் குச்சி இருந்த பக்கத்தைப் பார்த்தாள். அங்கே பாய் மட்டும்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, ஒரே ஒரு 0 போட்டாள்.